மனுக்களும் அறிக்கைகளும்

தீவின் முஸ்லிம்கள்: வரலாற்றுத் தொடர் – 31

ஓர் அறிக்கையைப் படிக்கும்போது அது வெளியான நாளை மட்டும் பார்த்தால் போதாது, சில வேளைகளில் மணியையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை எட்டே முக்கால் மணியை ஒட்டி, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் கொழும்பின் மூன்று சொகுசு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. சற்று நேரத்தில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். பிற்பகலில் தெஹிவளையில் ஒன்று, தெமட்டகொடையில் ஒரு வீட்டுக்குள் இன்னொன்று. 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பூசைக்கு வெள்ளையுடுத்தி வந்த பிள்ளைகள் அதில் எத்தனையோ பேர்.

அன்றைக்கே அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஓர் அறிக்கை வெளியிட்டது. இலங்கை முஸ்லிம்கள் சார்பில் கிறிஸ்தவ மக்களுக்கு அனுதாபம் தெரிவித்தது, தோழமைக் கரம் நீட்டியது, எல்லா மதத் தலங்களுக்கும் பாதுகாப்புக் கேட்டது, குற்றவாளிகளுக்கு உச்சபட்சத் தண்டனை வழங்கச் சொன்னது. இலங்கை முஸ்லிம் கவுன்சிலும் அதே தொனியில் பேசியது. இந்த அறிக்கைகள் எழுதப்பட்ட நேரத்தில், தாக்கியவர்கள் யார் என்று அரசு வாய் திறந்திருக்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை உலமா சபை பேசியது அயலவர் வீட்டு இழவுக்குப் போய்த் துக்கம் விசாரிக்கும் ஒருவரின் குரலில்.

திங்கட்கிழமை அமைச்சரவைப் பேச்சாளர் ராஜித சேனாரத்ன, தேசிய தௌஹீத் ஜமாஅத்தின் பெயரைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஐ.எஸ். உரிமை கோரியது. எட்டுப் பேர் நிற்கும் ஒரு படம் வந்தது. ஏழு பேர் முகத்தை மூடியிருந்தார்கள். மூடாத ஒரே முகம், தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய காத்தான்குடி ஸஹ்ரான் ஹாஷிமுடையது. அதே செவ்வாயன்று பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ருவான் விஜேவர்தன, இது கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல் படுகொலைக்குப் பழிவாங்கல் என்று முதற்கட்ட விசாரணையில் தெரிவதாகப் பாராளுமன்றத்தில் கூறினார். ஞாயிற்றுக்கிழமை அனுதாபம் தெரிவித்தவர்கள் இரண்டே நாளில் பதில் சொல்ல வேண்டியவர்களாகிவிட்டார்கள். அறிக்கையில் ஒரு வரியும் மாறவில்லை. அதைப் படிக்கும் கண்கள் மாறியிருந்தன.

ஒரு சமூகத்தின் அமைப்புகள் இப்படிப்பட்ட நேரத்தில் எப்படிப் பேசின என்று எழுதும்போது பலரும் இந்த ஞாயிறிலிருந்துதான் தொடங்குவார்கள். என்னைக் கேட்டால் அது பாதிக் கதை. பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அது அறிக்கை வடிவில் இருக்கவில்லை, மனு வடிவில் இருந்தது. அறிக்கைக்கு வாசகர்கள் உண்டு. மனுவுக்கு ஒரு மேசை, அதன்மேல் ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

*

காத்தான்குடிக்குப் போவோம். 2017 மார்ச் 10, அலியார் சந்தி. ஸஹ்ரானின் ஆட்கள் ஒரு பக்கம், அப்துர் ரவூப் மௌலவியைப் பின்பற்றும் சூபிகள் மறுபக்கம். வாள்கள் வெளியே வந்தன, சூபிகள் தரப்பில் ஆட்கள் காயப்பட்டார்கள். பொலிஸ் கைதுகள் செய்தது. ஸஹ்ரானின் தந்தையும் தம்பி ஒருவரும் பிடிபட்டார்கள். ஸஹ்ரான் தலைமறைவானான். அவனைப் பிடிக்க நீதிமன்றப் பிடியாணை இருந்தது. அவன் பேஸ்புக்கில் தமிழில் பேசிக்கொண்டே இருந்தான்.

அந்த ஊர் சூபிகள் சும்மா இருக்கவில்லை. பொலிஸிலிருந்து மேலிடங்கள்வரை முறைப்பாடுகள் போயின. இந்த மனிதன் ஆபத்தானவன், இவன் பேச்சைக் கேளுங்கள், பிடியுங்கள் என்பதுதான் சாரம். முஸ்லிம் கவுன்சிலின் உப தலைவர் ஹில்மி அஹமட், தாக்குதலுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இராணுவப் புலனாய்வு அதிகாரிகளிடம் பெயர் விவரங்களுடன் ஆவணங்களைத் தான் கையளித்ததாகப் பிறகு சர்வதேச ஊடகங்களிடம் சொன்னார். ஸஹ்ரானின் சொந்த அமைப்பே ஒரு கட்டத்தில் அவனை வெளியே தள்ளியது.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லாமல் கடந்துபோனால் வரலாறு சலவை செய்யப்பட்டுவிடும். காத்தான்குடி சூபிகளின் குரல் ஏன் எடுபடவில்லை? அரசின் அலட்சியம் முதல் காரணம், சந்தேகமில்லை. ஆனால் 1979இல் ரவூப் மௌலவியை மதம் மாறியவர் என்று தீர்ப்பளித்தது இதே உலமா சபை. அந்தத் தீர்ப்பின் நிழலில் அவருடைய கூட்டம் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தது. 2006இல், அதே காத்தான்குடியில், இன்னொரு சூபி குருவான பயில்வானின் உடல் புதைக்கப்பட்ட இடத்திலிருந்து தோண்டியெடுக்கப்படும் அளவுக்கு அந்த வெறுப்பு முற்றியிருந்தது. ஆகவே 2017இல் அந்தச் சூபிகள் அபாயம் என்று கத்தியபோது, ஊரில் பலருக்கு அது வழக்கமான கொள்கைச் சண்டையாகவே காதில் விழுந்தது. பொலிஸுக்கும் அப்படித்தான் விழுந்தது. மார்க்கச் சண்டையில் இரண்டு தரப்பையும் பிடித்துப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது பொலிஸுக்குச் சுலபம்.

பொதுவெளியில் அப்போது நடந்தது வேறு மாதிரி. 2015இல் இலங்கையர் ஒருவர் சிரியாவில் ஐ.எஸ். அணியில் இருந்து மாண்ட செய்தி வந்தது. அதையொட்டி உலமா சபை உள்ளிட்ட முஸ்லிம் அமைப்புகள் கூட்டாக ஐ.எஸ்.ஸைக் கண்டித்தன. இந்தக் கண்டன வகைக்கு உலகில் ஏற்கெனவே ஒரு மரபு உண்டாகியிருந்தது. மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பின் முதலாண்டு நினைவையொட்டி, 2005 மார்ச்சில், ஸ்பெயின் இஸ்லாமிய ஆணையம் பின்லாடனுக்கு எதிராகவே ஃபத்வா கொடுத்தது. அந்த ஆண்டு ஜூலையில் லண்டன் வெடிப்புகளுக்குப் பிறகு பிரிட்டிஷ் முஸ்லிம் கவுன்சில் கிறிஸ்தவத் திருச்சபைகளோடு சேர்ந்து அறிக்கை விட்டது. கொழும்பு அமைப்புகளுக்கு இதெல்லாம் தெரியும். அதே பாணியில்தான் அவையும் எழுதின.

ஆனால் 2016 நவம்பரில் அப்போதைய நீதியமைச்சர் விஜயதாச ராஜபக்ஷ, நான்கு குடும்பங்களைச் சேர்ந்த 32 இலங்கை முஸ்லிம்கள் சிரியாவுக்குப் போய் ஐ.எஸ்.ஸில் சேர்ந்துவிட்டதாகப் பாராளுமன்றத்தில் சொன்னபோது, முஸ்லிம் அமைப்புகள் கொதித்தெழுந்து மறுத்தன. அந்தக் கொதிப்புக்குக் காரணம் இருந்தது. 2014 ஜூனில் அளுத்கமையில் கடைகளும் வீடுகளும் எரிந்து இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. சிங்கள பௌத்த தேசியவாத அமைப்பான பொது பல சேனா ஊர் ஊராக மேடை போட்டுக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஓர் அமைச்சர் வாயிலிருந்து வரும் எண்ணிக்கையை யாரும் தகவலாகக் கேட்பதில்லை, தாக்குதலாகவே கேட்பார்கள். ஒரே சமூகம் மூடிய அறைக்குள் எச்சரிக்கையும் வெளியே மறுப்பும் பேசிக்கொண்டிருந்தது. இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் பின்னால் திரும்பிப் பார்த்தவர்களுக்கு மறுப்பு மட்டும்தான் ஞாபகம் இருந்தது, ஏனென்றால் பத்திரிகையில் வந்தது அதுதான்.

அறைக்குள் பேசியவர்கள் கொடுத்த விலைக்கு ஓர் உதாரணம். 2018 டிசம்பர் கடைசியில் மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் புத்தளம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருட்கள் அகப்பட்டன. இந்த விசாரணையில் பொலிஸுக்கு உதவியவர்களில் ஒருவர் அமைச்சர் கபீர் ஹாஷிமின் இணைப்புச் செயலாளர், மாவனல்லைக்காரர், முஸ்லிம். மார்ச் மாதம் ஒரு விடியலில், அவர் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது தலையில் சுட்டார்கள். உயிர் தப்பினார், உடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு ஆறு வாரங்கள் இருந்தன. அவரைச் சுட்டது எந்தக் கூட்டம் என்பது நாட்டுக்குத் தெரியவந்ததே ஞாயிறுக்குப் பிறகுதான்.

*

இனி அந்த வாரத்துக்குத் திரும்பலாம்.

முதல் தொல்லை பெயரில் வந்தது. தௌஹீத் ஜமாஅத் என்று முடியும் அமைப்புகள் இலங்கையில் அரை டசனுக்குக் குறையாது. குண்டு வைத்தவர்கள் தேசிய தௌஹீத் ஜமாஅத். ஸ்ரீலங்கா தௌஹீத் ஜமாஅத் வேறு. அதிலிருந்து பிரிந்தவை வேறு. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு தௌஹீத் ஜமாஅத் வேறு. ஆங்கில, சிங்கள ஊடகங்களுக்கும் சென்னைத் தொலைக்காட்சிகளுக்கும் இந்த வேற்றுமையெல்லாம் அந்த அவசரத்தில் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. கண்டனத்தோடு மறுப்பையும் சேர்த்து எழுத வேண்டிய நிலை அவற்றுக்கு வந்தது: எங்களுக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்று. ஒரு கண்டனத்தில் இந்த வரி சேர்ந்துவிட்டால் வாசகன் மனம் அந்த வரியில்தான் நிற்கும். ஏப்ரல் 27இல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் தேசிய தௌஹீத் ஜமாஅத்தும் ஜமாஅத்தே மில்லத்து இப்ராஹீமும் தடை செய்யப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஏப்ரலில், ஸ்ரீலங்கா தௌஹீத் ஜமாஅத் உள்ளிட்ட பதினொரு அமைப்புகளுக்குத் தடை வந்தது. 2023இல் அவற்றுள் ஐந்தின் தடை நீங்கியது. பெயர் ஒற்றுமை எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்கு இது போதும்.

அடுத்து, வெள்ளிக்கிழமை. ஏப்ரல் 26. பள்ளிவாசல்களைக் குறிவைத்துப் பதிலடி நடக்கலாம் என்ற பயம் ஒரு பக்கம், இன்னும் பிடிபடாத குண்டுதாரிகள் மறுபக்கம். ஜும்ஆவுக்குக் கூட வேண்டாம், வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று முஸ்லிம் விவகார அமைச்சர் ஹலீமும் உலமா சபையும் கேட்டுக்கொண்டார்கள். ஆண்களுக்கு ஜும்ஆ கட்டாயக் கடமை. பயம் உள்ள இடத்தில் அதற்குச் சலுகை இருப்பது மார்க்கம் படித்த யாருக்கும் தெரியும். சட்டப்படி இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் கொழும்பில் ஒரு வெள்ளிக்கிழமை பாங்கு சொல்லிப் பள்ளி நிறையாமல் இருப்பது, எந்த அறிக்கையையும்விடச் சத்தமாகக் கேட்ட ஒன்று. எல்லாப் பள்ளிகளும் மூடவில்லை. கொள்ளுப்பிட்டி ஜும்ஆப் பள்ளிவாசலில், படையினர் காவலுக்கு நிற்க, சில நூறு பேர் தொழுதார்கள். எல்லா மதத்தவரும் சேர்ந்து நாட்டை அமைதிக்குத் திருப்ப வேண்டும் என்பதே அன்றைய குத்பாவின் சாரம்.

இரண்டு நாள் கழித்து ஞாயிறு வந்தபோது தேவாலயங்களிலும் பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தன் இல்லத்திலிருந்து தொலைக்காட்சி வழியே திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஒரே வாரத்தில் வெள்ளியும் ஞாயிறும் வீட்டுக்குள் அடங்கின. 2012 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை, கிறிஸ்தவர்கள் அதற்கும் குறைவு. இரண்டு சிறுபான்மைகள் ஒருவர்மேல் ஒருவர் பாயாமல் இருந்ததில் கர்தினாலின் பங்கு பெரிது. உலமாக்கள் அவரைத் தேடிப் போனார்கள், அவரும் முஸ்லிம்கள்மேல் கை வைக்காதீர்கள் என்று தம் மக்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். மே 5இல் நீர்கொழும்பு போருத்தொட்டையில் கலவரம் மூண்டபோது நேரே அங்கே போனார், மதுக்கடைகளை மூடச் சொன்னார். முஸ்லிம்கள் சார்பில் சொல்லப்பட்டவற்றில் அதிகம் எடுபட்டது ஒரு கத்தோலிக்க ஆயர் சொன்னதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே வெள்ளிக்கிழமை இரவு, அம்பாறை சாய்ந்தமருதில், ஒரு வாடகை வீட்டில் ஸஹ்ரானின் குடும்பத்தார் தம்மையே வெடிக்கவைத்துக்கொண்டார்கள். குழந்தைகளும் சேர்ந்து மாண்டன. அந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். புதிதாகக் குடிவந்தவர்கள்மேல் சந்தேகப்பட்டு அவர்கள் தகவல் கொடுத்திருக்காவிட்டால், அடுத்த குண்டு எங்கே வெடித்திருக்குமோ தெரியாது. ஒரு முஸ்லிம் ஊர் பொலிஸுக்குக் கொடுத்த அந்தத் தகவல், அந்த மாதத்தின் மிகப் பெரிய பொதுச் செய்தி. தென்னிலங்கைச் செய்தித் தலைப்புகளில் அதற்குக் கிடைத்த இடம் சொற்பம்.

*

உடல்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தற்கொலைக் குண்டுதாரிகளின் ஜனாஸாக்களைப் பொறுப்பேற்க மாட்டோம் என்று உலமா சபை அறிவித்தது. இது எவ்வளவு கடுமையான சொல் என்பது முஸ்லிம் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுவித்து அடக்கம் செய்வது ஊரின்மேல் விழும் கூட்டுக் கடமை. ஒருவர்கூடச் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. தற்கொலை செய்தவருக்கு நபிகள் நாயகம் தாம் முன்னின்று தொழுவிக்கவில்லை என்று ஹதீஸ் உண்டு. அதை வைத்து, தலைவர்கள் விலகி நிற்கலாம், சாதாரண மக்கள் தொழலாம் என்று சட்ட அறிஞர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். மையவாடிக்குள்ளேயே இடமில்லை என்பது அதற்கும் ஒரு படி மேலே போவது. அதைச் சட்டத் தீர்ப்பாகப் படிப்பதைவிட, நாட்டைப் பார்த்துச் சொன்ன சொல்லாகப் படிப்பதே பொருத்தம்.

இதற்கு முன்னோடி மும்பை. 2008 நவம்பர் தாக்குதலில் கொல்லப்பட்ட ஒன்பது பயங்கரவாதிகளை மெரைன் லைன்ஸ் படா கப்ரஸ்தானில் அடக்க மாட்டோம் என்று அதை நிர்வகிக்கும் ஜும்ஆ மஸ்ஜித் அறக்கட்டளை மறுத்துவிட்டது. இந்த மண்ணில் இவர்களுக்கு இடமில்லை என்ற பேச்சு மற்ற ஊர் மையவாடிகளுக்கும் பரவியது. அந்த ஆண்டு பக்ரீத்துக்குக் கறுப்புப் பட்டி கட்டித் தொழப் போனார்கள். ஒன்பது உடல்களும் ஓராண்டுக்கும் மேல் ஜே.ஜே. மருத்துவமனைப் பிணவறையில் கிடந்தன. 2010 ஜனவரியில் இரகசியமாகப் புதைத்துவிட்டோம் என்று ஏப்ரலில்தான் மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் ஆர்.ஆர். பாட்டீல் வெளியில் சொன்னார். மும்பையில் மறுத்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: வந்தவர்கள் வேற்று நாட்டார். கொழும்பில் மறுக்க வேண்டியிருந்தது தங்கள் ஊர்ப் பிள்ளைகளை. அப்படி மறுப்பதற்கு வேறு நெஞ்சுரம் வேண்டும்.

மறுத்த பிறகு உடல் எங்கே போகும்? இந்தக் கேள்வியை அப்போது யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. பதில் ஆகஸ்ட் மாதம் மட்டக்களப்பில் வந்தது. சீயோன் தேவாலயத்தில் வெடித்தவனின் எஞ்சிய உடற்பாகங்களை, பொலிஸ் காவலோடு, கள்ளியங்காடு இந்து மயானத்தில் இரவோடு இரவாகப் புதைத்தார்கள். விடிந்ததும் செய்தி பரவியது. தங்கள் பிள்ளைகளைக் கொன்றவனைத் தங்கள் சுடலையிலேயே புதைப்பதா என்று தமிழ் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வீதி மறியல், கண்ணீர்ப்புகை. கடைசியில் நீதிமன்ற உத்தரவோடு தோண்டியெடுத்தார்கள். ஒரு சமூகம் கொழும்பில் கௌரவமாகச் சொன்ன மறுப்பு, கிழக்கில் இன்னொரு சமூகத்தின் வாசலில் சுமையாக இறங்கியது. சொன்னவர்கள் இதை நினைத்துச் சொல்லவில்லை என்பது உண்மை. அறிக்கையின் கடைசி வரியோடு விஷயம் முடிந்துவிடாது என்பதும் உண்மை.

*

முகத்திரை விவகாரத்தில் உலமா சபை அரசுக்கு முந்திக்கொண்டது. பாதுகாப்புப் படையினருக்கு இடைஞ்சல் ஆகாதபடி பெண்கள் முகத்தை மூட வேண்டாம் என்று அது முதலில் கேட்டது. ஏப்ரல் 29 முதல் ஜனாதிபதி சிறிசேனவின் அவசரகால விதி முகம் மறைப்பதைத் தடை செய்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் இதே சபை, முகம் மூடுவது கடமை என்ற தீர்ப்பை வெளியிட்டிருந்தது. அந்தத் தீர்ப்பை நம்பி வீட்டுக்குள் சண்டை பிடித்து நிகாப் அணிந்த பெண்கள் உண்டு, அதை ஏற்காமல் ஊரில் பேச்சு வாங்கிய பெண்களும் உண்டு. போடச் சொன்னதும் ஆண்களின் சபை, கழற்றச் சொன்னதும் ஆண்களின் சபை. சூழ்நிலைக்கு ஏற்ப நடந்துகொண்டதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் முதல் தீர்ப்புக்குப் பக்கம் பக்கமாக ஆதாரம் காட்டியவர்கள், இரண்டாவதற்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொண்டது உறுத்துகிறது.

தடை முகத்துக்கு மட்டும்தான். தெருவில் அதைத் தலைக்கும் உடம்புக்கும் நீட்டினார்கள். மருத்துவமனை வாசலிலும் அரச அலுவலகப் படிக்கட்டிலும் அபாயாவைக் கழற்றச் சொன்ன சம்பவங்கள் பெருகின. மே இறுதியில், அரச ஊழியரான பெண்கள் சேலையோ ஒசரியோ உடுத்த வேண்டும் என்று பொது நிர்வாக அமைச்சிலிருந்து ஒரு சுற்றறிக்கையே வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு அதைத் திருத்த வேண்டியதாயிற்று.

இங்கேதான் 2013 ஞாபகம் வருகிறது. பொது பல சேனா ஹலால் இலச்சினைக்கு எதிராகக் கிளம்பியபோது, உலமா சபை அந்த மார்ச்சில் வர்த்தக சம்மேளனத்தோடும் பௌத்த தேரர்களோடும் ஒரே மேசையில் அமர்ந்து, உள்நாட்டுப் பொருட்களில் இலச்சினையை விட்டுக்கொடுப்பதாக அறிவித்தது. நாட்டின் அமைதிக்காகச் செய்த தியாகம் என்று சொன்னார்கள். பொது பல சேனா அதிலும் திருப்தியடையவில்லை. அதன் அடுத்த மேடைகளில் ஹலாலின் இடத்தில் அபாயாவும் நிகாபும் வந்து உட்கார்ந்தன. விட்டுக்கொடுத்தது தவறு என்று இதை வைத்து வாதிப்பவர்கள் உண்டு. கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர்களால் காட்ட முடியாது. ஆனால் ஒன்று தெளிவு: விட்டுக்கொடுத்தவர் அதைச் செய்தியாக அனுப்பினார், எதிரில் இருந்தவர் அதை முதல் தவணையாக வரவு வைத்துக்கொண்டார்.

2019 மே மாதம் அதே கணக்கு இன்னும் வேகமாக ஓடியது. நோன்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மே 12இல் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி பேஸ்புக்கில் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரியை மிரட்டல் என்று படித்துக் கூட்டம் சேர்ந்தது. மறுநாள் குருநாகல் மாவட்டத்தின் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல பக்கங்கள், பிறகு கம்பஹாவின் மினுவாங்கொட. பள்ளிவாசல்களும் கடைகளும் எரிந்தன. கொட்டாரமுல்லையில் ஒரு தச்சரை அவர் வீட்டிலேயே வெட்டிக் கொன்றார்கள். அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. கண்டனம், அனுதாபம், ஒத்துழைப்பு என்று மூன்று வாரமாக வந்த அறிக்கைகள் எதுவும் அந்தக் கூட்டத்தில் ஒருவனையாவது தடுத்ததாகத் தெரியவில்லை. அந்தக் கூட்டம் உலமா சபையின் அறிக்கைக்காகக் காத்திருந்த கூட்டமும் இல்லை.

அநுராதபுர மாவட்டம் கெக்கிராவைக்குப் பக்கத்தில் மடாட்டுகம என்றொரு சிற்றூர். அங்கே தேசிய தௌஹீத் ஜமாஅத் ஆட்கள் புழங்கியதாகச் சொல்லப்பட்ட ஒரு சிறு பள்ளி இருந்தது. ஊரின் பெரிய பள்ளிவாசல் நிர்வாகம் கூடிப் பேசி, அந்தப் பள்ளியை இடித்துவிடுவது என்று முடிவெடுத்தது. முஸ்லிம்களே கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துப்போய்ச் சுவரை உடைத்தார்கள். தாக்குதலுக்குப் பிறகு அக்கம்பக்கத்துச் சிங்களவர்கள் எல்லாரையும் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கியதாகவும், இடித்த பிறகு அந்த இறுக்கம் தளர்ந்ததாகவும் பெரிய பள்ளி நிர்வாகி பிபிசியிடம் சொன்னார். தொழுத இடத்தை இடிப்பது சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. தலைநகரில் அச்சான அத்தனை அறிக்கைகளையும் ஒரு பக்கம் வைத்து, அந்த இடிபாட்டை மறுபக்கம் வைத்தால், கிராமத்துக்காரர்களுக்குத் தங்கள் வாசகர் யார் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது என்று சொல்வேன். அவர்கள் நாட்டுக்குப் பேசவில்லை, பக்கத்துத் தெருவுக்குப் பேசினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை சரியா என்பதில் எனக்கு இன்றும் முடிவில்லை.

மே கடைசி நாள் பாராளுமன்ற உறுப்பினரான அத்துரலியே ரத்தன தேரர் கண்டி தலதா மாளிகை முன் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார். அமைச்சர் ரிஷாட் பதியுதீனும் ஆளுநர்கள் ஹிஸ்புல்லாஹ்வும் அசாத் சாலியும் போக வேண்டும் என்பது கோரிக்கை. சில நாட்களுக்கு முன்தான் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்திருந்த பொது பல சேனாவின் ஞானசார தேரர் கெடு விதித்தார். ஜூன் 3இல் இரண்டு ஆளுநர்களும் விலகினார்கள். அதே நாளில் அமைச்சரவை, இராஜாங்க, பிரதி அமைச்சர்களாக இருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரும், கட்சி வேறுபாடு பாராமல், ஒன்றாகப் பதவி விலகினார்கள். விசாரணை நடக்கட்டும், குற்றம் இருந்தால் தண்டியுங்கள், அதுவரை நாங்கள் வெளியே நிற்கிறோம் என்றார்கள். பின்னர் பெரும்பாலோர் பதவிக்குத் திரும்பினார்கள். எனினும் ஏப்ரல் 21க்குப் பிறகு முஸ்லிம் தரப்பிலிருந்து வந்தவற்றில், கெஞ்சலின் சாயல் இல்லாத முதல் பேச்சு அதுதான். அதைப் பேசியது மார்க்க சபையல்ல, அரசியல்வாதிகள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாராளுமன்றத் தெரிவுக்குழு அந்தக் கோடையில் சாட்சிகளை அழைத்தது. உலமா சபைத் தலைவர் ரிஸ்வி முப்தியும் போனார், அசாத் சாலியும் போனார். காத்தான்குடியிலிருந்து போன முறைப்பாடுகள் அங்கேதான் முதன்முதலாக ஒளிபரப்பில் வாசகர்களைக் கண்டன. ஏப்ரல் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த எச்சரிக்கை எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போய் நின்றது என்ற விவரமும் அப்படியே வெளிவந்தது. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், தகவல் கையில் இருந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றும், பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்புத் துறைகளின் அன்றைய தலைவர்களும் இழப்பீடு கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. மனு எழுதியவர்களின் தரப்பு நீதிமன்ற ஏட்டில் ஏறுவதற்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பிடித்தன.

அதற்கு முன்பே உலமா சபை இன்னொரு முறை பேச வேண்டி வந்தது. 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வெளியானது. குண்டுதாரிகளின் ஜனாஸாவை ஏற்க மாட்டோம் என்று சொன்ன அதே சபை, இப்போது சாதாரண மனிதர்களின் ஜனாஸாவைக் கொடுங்கள் என்று மனுவோடு அலைந்தது. அந்த மனுக்கள் ஓட்டமாவடிக்குப் போய்ச் சேர்ந்த கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)